பொலிவு பூசும் ப்ரைமர்: கருப்புக்குத்தான் எடுப்பு

முகத்துக்கு மேக்கப் போடுமுன் அடியில் தடவுவது ப்ரைமர். அதிலேயே மினுக்கமும் கலந்து வந்தால் அதன் பெயர் இல்யூமினேட்டிங் ப்ரைமர். சினிமா மேக்கப் பெட்டிக்குள் இருந்த இந்தப் பொருள் இன்று கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் போன்ற ஊர்களின் ஃபேன்சி ஸ்டோர் வரை வந்துவிட்டது. பியூட்டி பார்லரில் கல்யாணப் பெண்ணின் முகத்தில் முதலில் ஏறுவதும் இதுதான். கைபேசியில் ஆர்டர் போட்டால் கல்வராயன் மலை அடிவாரத்துக்கே பார்சல் வருகிறது. வாங்கிப் பூசிப் பார்க்கலாமா என்று ஒரு பெண் கேட்டால் தாராளமாகப் பூசிப் பார்க்கலாம் என்பேன். ஆனால் ஒரு நகையைப் போட்டுப் பார்ப்பதைப் போலப் பார்க்க வேண்டும். என் நிறத்துக்கு எடுப்பாக இருக்கிறதா, வெளியே வெயிலில் எப்படி இருக்கிறது, உண்மையில் இது என்ன, எங்கிருந்து வந்தது என்று நகைக்கடையில் கேட்கிற அத்தனை கேள்வியையும் இங்கும் கேட்க வேண்டும். தோலுக்கு மருந்து என்றோ, நிறத்தை மாற்றும் என்றோ, உள்ளிருந்து பொலிவு தரும் என்றோ யாராவது சொன்னால் அந்தப் பேச்சை மட்டும் வாங்கக் கூடாது. ஏன் என்பதற்குக் காரணம் அந்தக் குப்பிக்குள்ளேயே இருக்கிறது.

குப்பிக்குள் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று சிலிக்கோன். லேபிளில் பெரும்பாலும் டைமெத்திக்கோன் என்று இருக்கும். தோலின் துளைகளையும் நுண்ணிய சுருக்கங்களையும் நிரப்பி மேற்பரப்பைச் சமன் செய்வது இதன் வேலை. முகத்தைத் தொட்டால் வழவழப்பாக இருப்பதும், அதன்மேல் போடும் ஃபவுண்டேஷன் திட்டுத்திட்டாகப் பிரியாமல் நிற்பதும் இதனால்தான். இன்னொன்று மைக்கா. நம் ஊர்ப் பாறைகளில் வெயில் பட்டால் மினுங்குமே, அந்தக் காக்காப்பொன். அதை ஏடு ஏடாகப் பிரித்து, நுண்துகளாக்கி, ஒவ்வொரு துகளின்மேலும் டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிய உறையாகப் படிய வைக்கிறார்கள். அந்த உறையின் கனம்தான் மினுக்கத்தின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 40 முதல் 60 நானோமீட்டர் என்றால் வெள்ளி மினுக்கம், 60 முதல் 80 என்றால் பொன், அதற்கு மேல் போகப்போகச் செம்மை, நீலம், பச்சை. சாயம் எதுவும் கலக்காமலே இத்தனை நிறமும் வந்துவிடுகிறது. உறையின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிமுகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேர்ந்து, சில நிறங்களைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் காட்டுகின்றன. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிவதும் இதே விதிப்படிதான். துகளின் அளவுக்கும் இதில் பங்குண்டு. 25 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் பட்டுப்போல் மென்மையான பளபளப்பு வரும். 60 மைக்ரானைத் தாண்டினால் அது ஜிகினா.

முகத்துக்கு ஒளி எப்படி வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தோல்மேல் விழும் வெளிச்சத்தில் 4 முதல் 7 விழுக்காடு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறித்துவிடுகிறது. பெரும்பகுதி உள்ளே போகிறது. அங்கே மெலனினும் இரத்தமும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ள, மீதி சிதறி வெளியே வருகிறது. அப்படி உள்ளிருந்து சிதறி வருவதைத்தான் நாம் ஒருவரின் நிறம் என்கிறோம். மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அந்தச் சிறு பங்குதான் பளபளப்பு. ஆக நிறமும் பளபளப்பும் இரண்டு வெவ்வேறு வழியில் வரும் ஒளி. மெலனின் கூடினால் உள்ளிருந்து வரும் ஒளி குறையும்; மேற்பரப்பில் தெறிக்கும் ஒளி அப்படியே இருக்கும். எனவே கன்னத்து மேட்டில் விழும் அந்த ஒளிப்பொட்டு, வெளுத்த முகத்தைவிட மாநிற முகத்திலும், மாநிறத்தைவிடக் கருத்த முகத்திலும் துலக்கமாகத் தெரியும். பின்புலம் இருட்டாக இருக்க இருக்க விளக்கு எடுப்பாகத் தெரிவது இயல்புதானே. மைக்காத் துகளுக்கும் இது பொருந்தும். வெளிறிய பரப்பில் துகளை ஊடுருவிப் போன எதிர்நிற ஒளி மோதித் திரும்பி வந்து மினுக்கத்தின் நிறத்தை மங்கச் செய்துவிடும். கருத்த பரப்பு அந்த ஒளியை விழுங்கிக்கொள்வதால் மினுக்கம் கலப்பில்லாமல் தெரியும். முத்துமினுக்க நிறமிகளின் தரத்தைச் சோதிப்பவர்கள் அவற்றைக் கருப்பு அட்டையின்மேலும் பூசிப் பார்ப்பது இதற்காகவே. பொலிவுதான் வேண்டும் என்றால், வடதமிழ்நாட்டின் மாநிறமும் கருப்பும்தான் அதற்கு வாய்த்த தோல். இந்தக் கட்டுரையில் வாசகர் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று விரும்புகிறேன்.

அப்படியானால் இதே ப்ரைமரைப் பூசிய பல பெண்கள் முகம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிட்டது என்று ஏன் குறைப்படுகிறார்கள்? குற்றம் தோலில் இல்லை, தேர்வில் இருக்கிறது. வெள்ளி மினுக்கம் தரும் துகள்களும், உறையாகப் படியாமல் தனியே கலந்த டைட்டானியம் டை ஆக்சைடும் எல்லா நிற ஒளியையும் சிதறடித்து ஒரு வெள்ளைப் படலத்தை உண்டாக்குகின்றன. வெளுத்த தோலில் அது கண்ணில் படாது. கருத்த தோலில் நீறு பூசியதுபோல் நிற்கும். அதற்குப் பதில் தேர வேண்டிய பொன், செம்பு, வெண்கல மினுக்கத்துக்கு மைக்காவின்மேல் இரும்பு ஆக்சைடையும் படிய வைப்பார்கள். லேபிளில் சி.ஐ. 77491 என்ற எண் இருந்தால் அது சிவப்பு இரும்பு ஆக்சைடு; சி.ஐ. 77891 என்பது டைட்டானியம் டை ஆக்சைடு, சி.ஐ. 77019 என்பது மைக்கா. இந்த மூன்று எண்களைத் தெரிந்துவைத்திருக்கும் பெண்ணை எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஒரே ஒரு வெள்ளி நிறத்தில் தயாரித்து ‘எல்லா நிறத்துக்கும் ஏற்றது’ என்று அச்சடித்து விற்பது, வெளுத்த முகத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த பொருளை மற்றவர்கள் தலையில் கட்டுவதாகும்.

நிறமும் பளபளப்பும் வேறு என்றால், இவை இரண்டும் ஒன்று என்ற எண்ணம் எப்படி வந்தது? அது வளர்ந்த வழி நம் பக்கத்திலும் ஓடியிருக்கிறது. 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. 1983-இல் கடலூரில் சிக் ஷாம்பு சாஷே பிறந்தது. அன்று கடலூரும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். கூலிக்குப் போகிற பெண்ணும் சில்லறைக் காசில் அழகுப் பொருள் வாங்கலாம் என்ற நிலையை அந்தச் சாஷே பரவலாக்கியது. அதில் இருந்த சமத்துவத்தை நான் மதிக்கிறேன். அந்த ஷாம்புவைக் கொண்டுவந்த நிறுவனமே 1998-இல் குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்று சொல்லி ஃபேரெவர் கிரீமைக் கொண்டுவந்தது. 2009-இல் சென்னையில் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் தொடங்கியது. கருத்த நிறத்தவரைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் தர மன்றம் 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது நல்லதுதானே, இனி யாரும் வெளுப்பைப் பேசவில்லையே, பொலிவைத்தானே பேசுகிறார்கள் என்று கேட்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் அட்டையிலும் விளம்பரத்திலும் இருக்கிற முகங்களைப் பார்க்க வேண்டும். பூசுவதற்கு முன்பும் பின்பும் என்று போடும் படங்களில், பின்பு வருகிற முகம் முன்பிருந்ததைவிட இரண்டு படி வெளுத்திருந்தால் அங்கே விற்கப்படுவது பழைய சரக்குதான். நிறம் அப்படியே இருக்க, மேட்டுப் பகுதிகளில் மட்டும் ஒளி கூடியிருந்தால் அது பொலிவு. இந்த ஒரு அளவுகோல் போதும்.

இந்தக் குழப்பத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், அதனால் வரும் கேடு உடம்பில் இறங்குகிறது என்பதே. ப்ரைமரால் வரும் மினுக்கம் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். கழுவினாலும் போகாத பொலிவு வேண்டும் என்று தேடுகிற பெண் அடுத்து எங்கே போகிறாள்? மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்புக்கு. அல்லது தயாரித்தவர் பெயரே இல்லாத ‘நைட் கிரீம்’ டப்பாவுக்கு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் முதல் சில வாரங்களில் இரத்த நுண்குழாய்களைச் சுருக்கி முகத்தை வெளிறச் செய்யும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். மெலிந்த தோலும் பளபளக்கும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. நோயையே பொலிவு என்று கண்ணாடி காட்டும். பிறகு முகம் சிவக்கும், பரு வரும், பூனைமுடி வளரும், நிறுத்தினால் எரியும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். பாதரசம் இன்னும் மோசம். மெலனின் உருவாவதைத் தடுக்கும் அது, தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஓர் உட்பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். எனவே மினுக்கப் ப்ரைமர் பூசும் பெண்ணை நான் தடுக்க மாட்டேன். தோலே மாற வேண்டும் என்று நம்பவைக்கும் வாசகத்தைத்தான் தடுக்க விரும்புகிறேன்.

சரி, பூசிப் பார்ப்பது எப்படி? கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் புறங்கையில் தீற்றிப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. புறங்கையும் முகமும் ஒரே நிறம் அல்ல. டியூப்லைட்டும் வெயிலும் ஒரே ஒளி அல்ல. தாடையோரமாகக் கொஞ்சம் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகம் முழுக்கப் பூசத் தேவையில்லை. கன்னமேடு, மூக்குத்தண்டு, புருவத்துக்குக் கீழ் என்று ஒளி இயல்பாகத் தங்கும் இடங்களில் மட்டும் போதும். நெற்றியிலும் மூக்கோரத்திலும் எண்ணெய் வழியும் முகமானால் அங்கே மினுக்கம் சேரச்சேர வியர்வைபோல் தோன்றும். சித்திரை வெயிலில் கல்யாண மண்டபத்துக்குள் இரண்டு மணி நேரம் நின்றால் அது தெரிந்துவிடும். வீடியோ விளக்கின் முன்னால் நிற்கப் போகிற மணப்பெண், அதே மாதிரி விளக்கின் கீழ் ஒருமுறை முன்னதாகவே பார்த்துக்கொள்வது நல்லது. வாங்கியபின் முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ தடவி இரண்டு நாள் விட்டு, அரிப்போ தடிப்போ இல்லை என்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். உரிம எண், பேட்ச் எண், காலாவதி நாள், சேர்மானப் பட்டியல் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் சொல்கின்றன. இவை இல்லாத குப்பியைக் கடையிலேயே வைத்துவிட வேண்டும்.

சில ப்ரைமர்களில் எஸ்.பி.எஃப். எண்ணும் போட்டிருக்கும். அதை நம்பி வெயிலில் நிற்பது தவறு. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய அரை டீஸ்பூன் வேண்டும். பட்டாணி அளவு ப்ரைமரில் அந்தக் காப்பு கிடைக்காது. மலைப்பகுதிப் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். கல்வராயன் மலை கடல்மட்டத்திலிருந்து 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைக்காது. ஆனால் கதிர் குறைவதில்லை. மரவள்ளிக் காட்டில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் கன்னத்தில் மங்கு படர்வதற்கு வெயிலும் முக்கியக் காரணம். அதன்மேல் மினுக்கம் பூசினால் கருந்திட்டு இன்னும் துலங்கித்தான் தெரியும்.

மஞ்சளும் விளக்கெண்ணெயும் இருக்க இதெல்லாம் எதற்கு என்பது பெரியவர்களின் கேள்வி. அதில் பாதி நியாயம். வறண்ட தோலில் செதில்கள் மேலெழுந்து நிற்கும். அவற்றின் இடையே காற்று புகுந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் தோல் வெளிறி மங்கித் தெரிகிறது. எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பியதும் சிதறல் அடங்கி, தோல் தன் நிறத்தில் ஆழ்ந்து மினுங்குகிறது. தேங்காய் எண்ணெய் தடவிய கருத்த கையின் பளபளப்புக்கு எந்த ப்ரைமரும் ஈடில்லை என்பதற்கு இயற்பியலே சாட்சி. ஆனால் இயற்கைப் பொருள் என்றாலே தீங்கில்லை என்பதை ஏற்க முடியாது. மஞ்சள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். எலுமிச்சைச்சாறு பூசி வெயிலில் போனால் கொப்புளமே வரலாம். கல்வராயன் காடுகளின் கடுக்காய் தோல் பதனிடும் அளவுக்குத் துவர்ப்புச் சத்து கொண்டது. அரைத்து முகத்தில் பூசினால் இறுக்கமாகத் தோன்றும், வறட்சியும் சேர்ந்தே வரும். பொருள் எங்கே விளைந்தது என்பதைவிட, தோலில் அது என்ன செய்கிறது என்பதைக் கேட்பதே முறை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 2024 ஜூனில் கள்ளச்சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலிகொடுத்தது கள்ளக்குறிச்சி மாவட்டம். அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்தது. இப்படிப்பட்ட இடத்தில் ப்ரைமர் பற்றி எழுதுவதா? எழுத வேண்டும் என்றே நினைக்கிறேன். மலைக்கிராமத்துக்கு மருத்துவர் போய்ச் சேருமுன் சாஷே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாதிப்பும் அங்கேதான் முதலில் விழும். அதோடு, அலங்கரித்துக்கொள்ளும் ஆசை வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். முகம் களையிழந்து தெரிய இரத்தக் குறைவைவிடப் பெரிய காரணம் வேறென்ன இருக்க முடியும்? தோலுக்குள் போய்த் திரும்பும் ஒளிக்குச் செம்மையைக் கொடுப்பது ஹீமோகுளோபின்தான். அது குறைந்தால் முகம் வெளிறும்; அந்த வெளிறலை நிறம் கூடிவிட்டது என்று தவறாக மகிழ்கிற வீடுகளும் உண்டு. உதட்டின் உட்புறமும் கீழிமையின் உட்புறமும் வெளுத்திருந்தால் அடுத்து செய்ய வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வீணாக்கும் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டச் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்குகிறது. மங்கும் முகப்பருவும் அங்கே காட்ட வேண்டிய நோய்கள்.

இனி அந்தக் காக்காப்பொன் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. உலக அழகுப் பொருள்களுக்குப் போகும் மைக்காவில் கணிசமான பங்கு ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி, பீகாரின் நவாதா பகுதிகளிலிருந்து போகிறது. 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அங்கே பல சுரங்கங்கள் மூடப்பட்டன. கைவிட்ட குழிகளிலும் மண்மேடுகளிலும் டிப்ரா எனப்படும் மைக்காச் சில்லுகளைக் குடும்பத்தோடு பொறுக்குகிறார்கள். குழி சரிந்து குழந்தைகள் சாவதும் அந்தச் சாவு மறைக்கப்படுவதும் 2016-இல் ராய்ட்டர்ஸ் புலனாய்வில் வெளியானது. ஜார்க்கண்டின் மைக்கா பகுதிகளில் 6 முதல் 14 வயதுள்ள 4,545 குழந்தைகள் பள்ளிக்குப் போகவில்லை என்று தேசியக் குழந்தை உரிமை ஆணையத்தின் ஆய்வு 2019-இல் சொன்னது. 2017-இல் பாரிஸில் ‘ரெஸ்பான்ஸிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பை நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கின. சில நிறுவனங்கள் ஆய்வகத்தில் செய்த மைக்காவுக்கு மாறிவிட்டன. லேபிளில் அது சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட் என்று வரும். இதை வாங்கினால் மனச்சாட்சிக்கு நிம்மதி கிடைக்கும். டிப்ரா பொறுக்கும் குடும்பத்துக்கு அடுப்பெரியுமா என்பது தனிக் கேள்வி.

கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவர்கள் பொறுக்கும் கடுக்காயும் தோல் தொழிலுக்கும் மருந்துக்கும் போய்ப் பல கை மாறி விலை ஏறுகிறது. பொறுக்கியவருக்குக் கிடைப்பது சிறு பங்கு. 2006-இன் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை கொடுத்தது. 2013–14-இல் தொடங்கிய மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் கடுக்காயும் உண்டு. பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. சட்டமும் விலையும் சங்கமும் இருந்தும் வியாபாரியின் தராசுக்கே பொருள் போகும் நிலை மாற, கிராம சபை கையில் கொள்முதல் வர வேண்டும். கோடர்மாவுக்கும் இதே வழியைத்தான் நான் ஆதரிக்கிறேன். டிப்ரா சேகரிப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பெரியவர்களுக்குக் கூலியும் கூட்டுறவும் உறுதி செய்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மைக்கா எந்த ஊரில், யார் எடுத்தது என்பதை ப்ரைமர் தயாரிப்பவர் குப்பியின் மேலேயே அச்சடிக்க வேண்டும். தங்கத்துக்கு ஹால்மார்க் கேட்கப் பழகிய கள்ளக்குறிச்சிப் பெண்கள் இதையும் கடைக்காரரிடம் கேட்கத் தொடங்கலாம். அந்தக் கேள்வி அடுத்த வாரம் மொத்த வியாபாரியிடம் போகும், அங்கிருந்து கம்பெனிக்கு.